ஒறம்பரை: எழுத்தும் வீட்டுச் சாமானும் ஒரே தாளில்

தூக்குப்போசி (கைப்பிடி வைத்த தூக்குப் பாத்திரம்) ஒன்றை வரைந்து, அதன் கீழே ‘தூக்குப்போசி’ என்று அழகாக எழுதிவைத்தால் அது பள்ளிக்கூடச் சுவர்ப்படம். எழுத்தையும் பொருளையும் சேர்த்து வரைய ஆசைப்படுகிறவர்களில் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். படம் ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம். ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி போல இரண்டும் ஒரே தாளில் கிடக்கும்.

என் தாய்மாமன் திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிகளுக்குப் பெயர் எழுதியவர். பள்ளி விடுமுறை நாட்களில் அவருக்குப் பெயின்ட் டப்பா பிடித்ததுதான் நான் படித்த ஓவியப் படிப்பு. லாரியின் நெற்றியில் எழுத்து வெறுமனே எழுதப்பட்டிருக்காது. அதற்கு உடம்பு உண்டு, ஓரம் உண்டு, நிழல் உண்டு. தகரத்தில் செய்து ஆணி அடித்தது போல நிற்கும். அந்த உடம்பைத் தாளில் இருக்கும் பொருள்களுக்கும் எழுத்துக்கும் பொதுவாக்குவதுதான் இந்த வழிகாட்டி முழுக்கச் சொல்லப்போவது. எழுத்தையும் ஒரு சாமானாக நினைத்து வரைய வேண்டும். போசி மேல் விழும் வெளிச்சமே எழுத்து மேலும் விழ வேண்டும்.

இரண்டு மாலைப்பொழுது போதும். ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, ‘ஒறம்பரை’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை போகலாம்.

சொல்லும் பொருளும்

சொல் முதலில், பொருள் பிறகு. மாற்றிச் செய்தால் மீண்டும் சுவர்ப்படத்திற்கே போய்ச் சேருவீர்கள். நான்கு முதல் ஆறு எழுத்துருவங்கள் கொண்ட சொல் ஏ4 தாளுக்குச் சரியாக இருக்கும். நோம்பி, வெள்ளாமை, கட்டுத்தரை, கொறங்காடு என்று நம் கொங்குப் பக்கத்துச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ‘நம்பிக்கை’, ‘கனவு’ வகைச் சொற்களைத் தவிர்ப்பது என் வழக்கம். அவற்றுக்குப் பக்கத்தில் வைக்கப் பொருளே கிடைக்காது. கடைசியில் எல்லோரும் ஒரு பறவையை வரைந்துவிடுகிறார்கள்.

ஒறம்பரை என்றால் உறவுக்காரர்கள், வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளிகள். இந்தச் சொல்லை எடுத்ததற்கு அதன் உருவமும் காரணம். முன்னால் ஒரு பெரிய உருண்டை, ஒ. ற, ர இரண்டுக்கும் கீழே இறங்கும் வால். ம் மேல் ஒரு புள்ளி. ப மேல்பக்கம் திறந்த தொட்டி. மேலும் கீழும் ஏறி இறங்கும் சொல்லில்தான் பொருள்களை நுழைக்க இடம் கிடைக்கும். ‘மாடம்’ என்று எழுதிப் பாருங்கள், கடைசிப் புள்ளியைத் தவிர ஒரே மட்டமாகச் சுவர் வைத்தது போல நிற்கும்.

பொருள்களைத் தேர்ந்தெடுக்க ஒரே விதி: சொல்லை நேராகச் சொல்லக் கூடாது, சொல் நடந்ததற்குச் சாட்சியாக இருக்க வேண்டும். ஒறம்பரை வந்த வீட்டில் எதெல்லாம் கூடுதலாக இருக்கும்? வாசலில் செருப்புகள். பலகாரம் வந்த தூக்குப்போசி. ஊரிலிருந்து எதையோ கட்டிக்கொண்டு வந்த மஞ்சள் பை. விரித்த பவானி ஜமக்காளம். இவை இருந்தால் ஆள் படம் தேவையே இல்லை.

சாமான்கள்

தாள் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கட்டும். 200 ஜிஎஸ்எம் தாளும் தாங்கும், ஆனால் தண்ணீர் பட்டதும் அப்பளம் போல நெளியும். நீர்வண்ணத் தாளில் வழவழப்பானதும் சொரசொரப்பானதும் உண்டு. எழுத்தின் ஓரம் சுத்தமாக வர வேண்டுமானால் வழவழப்பானதை வாங்குங்கள். தாளை ஒரு பிளைவுட் பலகையில் நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

எச்பி, 4பி பென்சில்கள். ரப்பர். 0.1, 0.3, 0.5 அளவுப் பேனாக்கள். இவற்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நிறமி மை உள்ள, தண்ணீரில் கரையாத பேனா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ஜெல் பேனாவில் கோடு போட்டு, மேலே நீர்வண்ணம் பூசி, 4 மணி நேர வேலையை 4 நொடியில் நீலச் சேறாக்கிய அனுபவம் எனக்கு உண்டு. சந்தேகம் இருந்தால் ஓரத்துண்டில் கோடு போட்டு, 10 நிமிடம் கழித்து ஈரத் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள்.

நீர்வண்ணப் பெட்டி, போஸ்டர் கலரில் கறுப்பும் வெள்ளையும் செங்கல் நிறமும், 12 மி.மீ. தட்டைத் தூரிகை ஒன்று, 2, 6 எண் உருண்டைத் தூரிகைகள், வெள்ளை ஜெல் பேனா. சமையலறையிலிருந்து மஞ்சள்தூள், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு. ஒட்டுவதற்குத் தினசரிக் காலண்டர் தாள் ஒன்று.

சின்னச் சின்ன வரைவுகள்

தீப்பெட்டி அளவில் ஐந்து கட்டங்கள் போட்டு, ஐந்து விதமாக அடுக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் 2 நிமிடம். எழுத்துக்கு ஒரு பட்டை, பொருளுக்கு வட்டமோ சதுரமோ போதும். முதலில் தோன்றுவது எப்போதும் எல்லோருக்கும் தோன்றுவதாகவே இருக்கும். மூன்றாவதிலிருந்துதான் உங்களுடையது.

என் இரண்டாவது வரைவில் தாளின் அடி முழுக்க ஜமக்காளம் ஓடியது, அதன் மேல் செருப்பு, போசி, பை வரிசையாக இருந்தன. அம்மா காப்பி கொண்டுவந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு, “ஜமக்காளத்தின் மேல் செருப்போடு ஏறியவர்கள் யார் சாமி?” என்று கேட்டார். எந்த ஓவிய ஆசிரியரும் சொல்லாத திருத்தம். அதன்பிறகு ஜமக்காளத்தைப் பாதித் தாளோடு நிறுத்தினேன். இடது பக்கம் வெறும் தாள், அது வாசல். வலது பக்கம் ஜமக்காளம், அது ஆசாரம், அதாவது வீட்டின் முன்கூடம். சொல்லும் தானாகவே இரண்டாகப் பிரிந்தது. ‘ஒற’ வெளியே நின்றது, ‘ம்பரை’ உள்ளே வந்துவிட்டது.

எழுத்துக்கு அளவு

இதை வெள்ளைத் தாள் ஒன்றில் தனியாகச் செய்யுங்கள், நல்ல தாளில் வேண்டாம்.

ஏ4 படுக்கைவாட்டில் 297 மி.மீ. அகலம், 210 மி.மீ. உயரம். இரு பக்கமும் 30 மி.மீ. விட்டால் 237 மி.மீ. மிஞ்சும். மேலிருந்து 80 மி.மீ.இல் ஒரு கோடு, 120 மி.மீ.இல் ஒரு கோடு. இந்த 40 மி.மீ.தான் எழுத்தின் உடம்பு. மேலே 60 மி.மீ. வரை புள்ளிக்கு, கீழே 138 மி.மீ. வரை வாலுக்கு.

ஆங்கில எழுத்துகளுக்கான பாடங்களைப் பார்த்துக் கற்றவர்கள் இங்கே வழுக்கி விழுவார்கள். நம் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று வெகுதூரம். ர ஒல்லி, ஒ பருமன். எல்லாவற்றையும் ஒரே சதுரத்துக்குள் அடைத்தால் ர வயிறு உப்பும், ஒ மூச்சுத் திணறும். என் கணக்கு: ஒ 40, ற 38, ம் 36, ப 26, ை 38, ர 22. மொத்தம் 200 மி.மீ. மீதி இடைவெளிக்கு. ையும் ரவும் ஒரே எழுத்து என்பதால் அவற்றுக்கு நடுவில் 4 மி.மீ., மற்ற நான்கு இடங்களில் சுமார் 8 மி.மீ.

கோட்டின் தடிமன் 7 மி.மீ., அதாவது உயரத்தில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. எல்லா இடத்திலும் ஒரே தடிமன் வைத்துக்கொள்ளுங்கள். ஓலையில் எழுத்தாணி போன வழியும் அதுதான், வளர்ந்தும் மெலிந்தும் போகும் கோடு நம் எழுத்துக்குப் பிறகு வந்த பழக்கம். இதைவிடத் தடிப்பாக்க ஆசை வந்தால் ையின் இரண்டு சுழிகளைப் பாருங்கள். சுழிக்குள் குறைந்தது 5 மி.மீ. வெளிச்சம் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் மை போட்டதும் அடைத்துக்கொள்ளும். ஒ உருண்டை என்பதால் மேல்கோட்டையும் கீழ்கோட்டையும் 1 மி.மீ. தாண்டட்டும். கோட்டுக்குள் சரியாக நிறுத்தினால் ப பக்கத்தில் சின்னதாகத் தெரியும். கண்ணுக்கு அப்படி ஒரு கோளாறு.

இடைவெளியில் நான் சொன்ன 8 மி.மீ. தொடக்கக் கணக்கு மட்டுமே. அளவுகோலை வைத்துவிட்டுக் கண்ணால் சரிசெய்ய வேண்டும். மாமா இதைச் சொல்லிக்கொடுத்த விதம் வேறு: “மாப்பிள்ளை, இரண்டு எழுத்துக்கு நடுவில் இருப்பது பாத்தி. எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவு தண்ணீர் கட்ட வேண்டும்.” வெள்ளாமைக்காரன் வீட்டுப் பையனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒவும் றவும் பக்கத்தில் பக்கத்தில் வளைவாக நிற்பதால் மேலும் கீழும் கூடுதல் தண்ணீர் தேங்கும். அவற்றைக் கொஞ்சம் நெருக்குங்கள். ம், ப இரண்டும் முதுகோடு முதுகாக நேர்க்கோடுகள், அவற்றைக் கொஞ்சம் விலக்குங்கள். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் எந்தப் பாத்தியில் தண்ணீர் அதிகம் என்பது உடனே தெரியும்.

எழுத்தைக் கட்டம் கட்டி அடுக்கும் பழக்கம் நம் பக்கத்துக்குப் புதியதல்ல. ஈரோடு மாவட்டம் அறச்சலூரில், நாகமலைக் குகையில், தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. த, தை, தா, தே என்ற ஒலிகளை வரிக்கு ஐந்தாக ஐந்து வரிகள். முதல் வரி ‘த தை தா தை த’. இடமிருந்து படித்தாலும் மேலிருந்து படித்தாலும் அதே வரிசை. பாறையில் உளி வைத்து அடுக்கியவருக்கு ரப்பர் இருந்திருக்காது என்பதை நினைத்தால் நமக்குக் கொஞ்சம் பொறுமை வரும்.

பழைய எழுத்து வடிவங்களைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தும்பிக்கை வைத்த பழைய லை, ணை, னை போன்றவை வரைவதற்கு அவ்வளவு அழகு. ஈரோட்டிலிருந்து வந்த குடி அரசு ஏட்டில் 1935இல் பெரியார் கைவிட்டவை அவை. 1978இல் அரசாணை வந்த பிறகு பாடப்புத்தகங்களிலிருந்தும் போயின. ‘அணை’ என்று எழுதும்போது எனக்கும் கை அரிக்கும். ஆனால் பழைய வடிவத்தை இளையவர்கள் தடுமாறித்தான் படிக்கிறார்கள், படிக்க முடியாத எழுத்து கோலமாகிவிடும். ஒறம்பரையில் அந்தச் சிக்கல் இல்லை, ரைக்குத் தும்பிக்கை இருந்ததே இல்லை.

பொருள்களுக்கு இடம்

இப்போது சொல்லின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். றவின் வாலும் ரவின் வாலும் கீழே தொங்குகின்றன. இரண்டுக்கும் நடுவில் ம், ப, ை மூன்றும் தரையில் உட்கார்ந்திருப்பதால் கீழே அகலமான காலியிடம் கிடைக்கிறது. போசியும் பையும் அங்கேதான். 180 மி.மீ.இல் ஒரு தரைக்கோடு போடுங்கள். போசியின் உடம்பு 135இலிருந்து 180 வரை. அதன் கைப்பிடி மேலே 112 வரை ஏறி, பவின் அடிக்கோட்டுக்கு முன்னால் வளைந்து போகட்டும். இந்த ஓர் இடத்தில் பொருள் எழுத்தை மறைக்கிறது. அதனால்தான் எழுத்து பின்னால் நிற்கும் சாமானாகத் தெரிகிறது. இப்படி ஓரிடம் போதும். இரண்டு மூன்று இடங்களில் செய்தால் சொல்லைப் படிக்க முடியாது.

மஞ்சள் பையை நான் முதலில் ரவின் வாலில் மாட்டினேன். பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் ர கொக்கியாகிவிட்டது, சொல் ‘ஒறம்பை’ ஆகிவிட்டது. அழித்துவிட்டுப் பையைப் போசிக்கு வலது பக்கம் சாய்த்து வைத்தேன். ஒவுக்குள் முகம் வரைவது, பவைத் தொட்டியாக்குவது போன்ற யோசனைகளும் வரும். பாலர் பாடத்துக்கு நல்லவை, இங்கே வேண்டாம்.

செருப்புகள் இடது பக்கம், ஒவுக்கும் றவுக்கும் கீழே. மூன்று ஜோடி. மேலிருந்து பார்ப்பது போல, நுனி வீட்டைப் பார்த்து. வந்தவர்கள் கழற்றிப்போட்ட செருப்பு நேராக இருக்காது, ஒன்று கவிழ்ந்தும் கிடக்கலாம். ஒரு ஜோடி குழந்தையுடையதாக இருந்தால் படத்துக்குக் கதை வரும்.

போசியை நிதானமாக

மற்ற இரண்டையும் எப்படியாவது வரைந்துவிடலாம். போசி தப்பாகிவிட்டால் தாளே போயிற்று. உண்மையான தூக்குப்போசி ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து படும்படி வையுங்கள். போட்டோவைப் பார்த்து வரையாதீர்கள். எவர்சில்வரில் போன் உங்களையே படம் பிடித்துவிடும்.

முதலில் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. அதற்கு இருபுறமும் 23 மி.மீ. வாய் ஒரு நீள்வட்டம், 46 மி.மீ. அகலம், 10 மி.மீ. உயரம். அடியும் நீள்வட்டம்தான், ஆனால் அதைவிடக் கொஞ்சம் உருண்டையாக, 13 மி.மீ. கணக்கில். கண் மேலே இருப்பதால் கீழே போகப் போக வட்டம் விரிகிறது. தொடக்கநிலையினரின் போசி அடியில் நேர்க்கோடு இருக்கும், அதனால்தான் அது அட்டையில் வெட்டியது போலத் தோன்றுகிறது. நீள்வட்டத்தின் இரு முனைகளும் கூராக முடியக் கூடாது, அங்கேயும் வளைவுதான்.

எவர்சில்வரின் பளபளப்பைச் சாம்பல் நிறம் பூசிக் கொண்டுவர முடியாது. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்: மேலிருந்து கீழாகப் பட்டைகள் தெரியும். வெளிச்சப் பக்கம் ஒரு வெள்ளைப் பட்டை, அதை ஒட்டியே திடீரென்று கிட்டத்தட்டக் கறுப்பு, பிறகு நடுத்தரச் சாம்பல், வலது ஓரத்தில் மறுபடியும் மெல்லிய வெளிச்சம். கறுப்பும் வெள்ளையும் நடுவில் எதுவும் இல்லாமல் உரசிக்கொள்ளும் இடமே பளபளப்பு. அடிப்பகுதியில் ஜமக்காளத்தின் சிவப்பு லேசாகத் தெறித்திருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பெயர். எங்கள் வீட்டுப் போசியின் வாய்க்குக் கீழே அமுச்சியின் (அம்மாவின் அம்மா) பெயர் வெட்டியிருக்கிறது. பாத்திரக் கடையில் கைமெஷினை வைத்து, டர்ரென்று புள்ளி புள்ளியாகக் குத்தியது. உற்றுப் பார்த்தால் எழுத்து கோடாக இல்லை, நெருங்கிய குழிகளாக இருக்கிறது. வளைவில் மெஷின் வேகம் குறைந்த இடத்தில் குழிகள் நெருக்கமாகவும், நேர்க்கோட்டில் ஓடிய இடத்தில் தள்ளித் தள்ளியும் விழுந்திருக்கின்றன. அவசரத்தில் னவின் சுழி மூடவே இல்லை. 0.1 பேனாவால் அதே போலப் புள்ளி வைத்தே எழுதுங்கள், கோடு இழுக்காதீர்கள். வாயின் நீள்வட்டத்துக்கு இணையாக எழுத்துகள் வளைய வேண்டும், ஓரத்துக்குப் போகப் போக ஒடுங்க வேண்டும். சாமான் மேல் பெயர் எழுதும் ஆசையும் இந்த மண்ணில் பழையது. நொய்யல் கரையில் கொடுமணலில் தோண்டியெடுத்த பானை ஓடுகளிலும் தமிழி எழுத்தில் பெயர்களைக் கீறிவைத்திருக்கிறார்கள். பாத்திரம் ஒறம்பரை வீட்டோடு தங்கிவிடும் பயம் அப்போதும் இருந்திருக்கும்.

முதலில் ஒட்டு, பிறகு கோடு

நல்ல தாளில் முதல் வேலை பென்சில் அல்ல, காலண்டர் தாள். ஒட்டிய பிறகு வரைந்தால் கோடு ஓரத்தைத் தாண்டிச் சீராக ஓடும். வரைந்த பிறகு ஒட்டினால் சட்டைக்கு ஒட்டுப்போட்டது போலத்தான் இருக்கும். ஒறம்பரை வந்த நாளின் தாளைக் கிழித்து, ஒவுக்குப் பின்னால் வருமாறு சற்றே சாய்த்து ஒட்டுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். அளவுகோலை அழுத்திப் பிடித்துக் கையால் கிழித்தால் ஓரம் மெல்லியதாகித் தாளோடு படியும். வெள்ளைப் பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, இரண்டு பக்கமும் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். மைதாப் பசை காய்ச்சுபவர்கள் புத்தகம் தைப்பவர்களைப் போல ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி வராது. அது விஷம், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

காலண்டரின் பெரிய தேதி எண் எழுத்தோடு மல்லுக்கு நிற்கும். வெள்ளைப் போஸ்டர் கலரைத் தண்ணீராகக் கரைத்து மேலே ஒரு பூச்சுப் பூசினால் அது பின்னால் ஒதுங்கிக்கொள்ளும். பஸ் டிக்கெட் ஒட்ட விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இப்போதைய மெஷின் டிக்கெட்டில் வெப்பத்தால் விழும் அச்சு, சில மாதங்களில் மங்கிவிடும். அதை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். ஜெராக்ஸ் அச்சு ஈரத்தில் கலங்காது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர் அச்சு பெரும்பாலும் கலங்கும்.

நன்றாகக் காய்ந்த பின் வரைவை நல்ல தாளுக்கு மாற்றுங்கள். 300 ஜிஎஸ்எம் தாளில் ஜன்னல் கண்ணாடி வைத்துப் படியெடுப்பது நடக்காது, வெளிச்சம் ஊடுருவாது. வரைவின் பின்பக்கம் 4பி பென்சிலைத் தேய்த்து, நல்ல தாளின் மேல் வைத்து, முன்பக்கம் கோட்டின் மேலேயே அழுத்தி வரையுங்கள்.

மை

போசியின் வெளிக்கோடு 0.5, உள்ளே 0.3, பெயருக்கும் பையின் நெசவுக்கும் 0.1. எழுத்துகளுக்குப் பேனாக் கோடு போடாதீர்கள். அவை தூரிகையால் நிரம்பப்போகின்றன, கோடும் போட்டால் வண்ணப் புத்தகம் ஆகிவிடும். செருப்பை ஒரே மூச்சில், கொஞ்சம் அவசரமாகவே வரையுங்கள். திருத்தமான செருப்பு புதுச் செருப்பு. மை முழுதாகக் காய ஒரு மணி நேரம் விட்டுப் பிறகு ரப்பர் போடுங்கள். முதல் மாலை இதோடு முடியட்டும்.

வண்ணமும் வெளிச்சமும்

லாரியில் எழுத்து நிழல் எப்போதும் ஒரே பக்கம்தான் விழும். வண்டி கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் அந்த எழுத்துக்குச் சொந்தச் சூரியன் உண்டு. தாளில் அப்படி விட முடியாது. போசி ஒரு ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கிறது, எழுத்தும் அதே ஜன்னலுக்குக் கீழ்ப்படிய வேண்டும். வெளிச்சம் மேல் இடது என்று தாளின் ஓரத்தில் சின்ன அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பாதி வேலையில் மறந்துபோகும்.

முதலில் நீர்வண்ணம். சாம்பலுக்குக் கறுப்பைக் கரைக்காதீர்கள், நீலத்தையும் பழுப்பையும் கலந்தால் எவர்சில்வருக்கு உயிருள்ள சாம்பல் வரும். போசியின் பட்டைகளை வெளிர் நிறத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. வெள்ளைப் பட்டை தாளின் வெள்ளையாகவே இருக்கட்டும். விழும் நிழல்கள் எல்லாம் வலது கீழ்ப்பக்கம். செருப்புகளுக்கு அடியிலும் அதே நிழல், அதே நிறம்.

ஜமக்காளத்துக்கு 12 மி.மீ. தட்டைத் தூரிகை. 172இலிருந்து 200 மி.மீ. வரை, ம் தொடங்கும் இடத்திலிருந்து வலது ஓரம் வரை. பவானியின் தடித்த பருத்தி நூலுக்கு அகலமான பட்டைகள்தான் அழகு. சிவப்பு, பச்சை, நீலம் என்று பட்டைக்கு ஓர் இழுப்பு. தூரிகையில் தண்ணீர் குறைவாக இருந்தால் இழுப்பின் கடைசியில் மயிர் மயிராகப் பிரியும். அதை மூடாதீர்கள், நெசவின் சொரசொரப்பு அதில்தான் இருக்கிறது. போசிக்குப் பின்னால் பட்டை தொடர வேண்டும். நிழல் விழும் இடத்தில் அதே நிறத்தை இன்னொரு முறை பூசினால் போதும்.

பிறகு எழுத்து, செங்கல் நிறப் போஸ்டர் கலர். தயிர் கடைந்தது போல இருக்க வேண்டும், நீர்த்தால் திட்டுத் திட்டாகும், கெட்டியானால் வெடிக்கும். 6 எண் தூரிகையால் நடுவை நிரப்பி, 2 எண்ணால் ஓரத்துக்கு வாருங்கள். கைப்பிடி குறுக்கே போகும் இடத்தில் இருபுறமும் 0.5 மி.மீ. வெள்ளை விடுங்கள், எழுத்தும் கைப்பிடியும் ஒட்டிக்கொள்ளாது. காய்ந்ததும் ஒவ்வொரு கோட்டின் வலது கீழ் ஓரத்திலும் 3 மி.மீ. அகலத்துக்கு, போசிக்குப் பயன்படுத்திய அதே நீலச் சாம்பலால் பக்கவாட்டுத் தடிமன் கொடுங்கள். லாரி எழுத்தின் வித்தை இது. உள்வளைவுகளிலும் வரும் என்பதை மறந்துவிடுவோம்: ையின் சுழிக்குள் மேல் இடது பக்கத்தில் அந்தச் சாம்பல் பிறை போலத் தெரிய வேண்டும். இதைத் தவறவிட்டால் எழுத்து தட்டையாகிவிடும், ஏன் என்று கண்டுபிடிக்க அரைமணி நேரமாகும். போசியின் கைப்பிடி நிழல் பவின் மேல் விழும். அதை ஒரு மெல்லிய கோடாக எழுத்தின் மேலேயே போடுங்கள். இரண்டும் ஒரே அறைக்குள் வந்துவிட்டதை அந்த இடத்தில் பார்க்கலாம்.

மஞ்சள் பைக்கு மஞ்சளையே பூசலாம். மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, மிதக்கும். சாராயச் சத்துள்ள சானிடைசரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, தூள் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் தெளிந்த மஞ்சளை எடுத்துப் பூசினால் தாளில் இறங்கிப் பிடிக்கும். உங்கள் பேனா மை சானிடைசருக்கு அசைகிறதா என்று முன்கூட்டியே ஓரத்துண்டில் பார்த்துவிடுங்கள். மஞ்சள் வெயிலில் வெளுக்கும். சுவரில் மாட்டப்போகும் படமானால் கடை வண்ணமே நல்லது. வெளுத்த மஞ்சள் பையும் மஞ்சள் பைதான் என்பவர்கள் தாராளமாகப் பூசலாம், நான் அந்தக் கட்சி.

ம் மேலே இருக்கும் புள்ளியை இதுவரை வெறுமையாக வைத்திருந்தோம். 9 மி.மீ. விட்டம், கோட்டின் தடிமனைவிடக் கொஞ்சம் பெரியது, மேலிருந்து 60க்கும் 72க்கும் நடுவில். அதில் மஞ்சள் கரைசலைக் கொஞ்சம் அழுத்தமாகப் பூசி, காய்ந்ததும் ஒரு குச்சியால் சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டு வையுங்கள். ஆரத்தித் தட்டில் நடப்பது தாளிலும் நடக்கும், மஞ்சள் கண்ணெதிரே சிவக்கும். காயும்போது செம்பழுப்பாக அடங்கும். வாசலில் சுற்றிக் கொட்டிய ஆரத்தியின் ஒரு சொட்டு எழுத்தின் மேல் தெறித்தது போல இருக்கும்.

கடைசிக் கைவேலை

வெள்ளை ஜெல் பேனாவை மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், கண்ட இடத்திலெல்லாம் மின்ன வைக்கத் தோன்றும். போசியின் வாய் விளிம்பில் ஒரு கீற்று, ஒவின் மேல் இடது வளைவில் ஒரு கீற்று. இரண்டும் ஒரே கோணத்தில். போதும்.

டேப்பைத் தாளுக்கு வெளிப்பக்கமாக, தாழ்வான கோணத்தில் மெதுவாக உரியுங்கள். பிடிவாதம் பிடித்தால் தலைமுடி உலர்த்தியால் லேசாகச் சூடு காட்டினால் விட்டுவிடும். படம் எடுப்பதானால் காலை பத்து மணிக்கு, நேர் வெயில் படாத ஆசாரத்தில், தாளைத் தரையில் வைத்து எடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் மஞ்சள் பை பச்சையடிக்கும்.

கையெழுத்துப் போட மூலையைத் தேட வேண்டாம். போசியில் அமுச்சி பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது. 0.1 பேனா, 3 மி.மீ. உயரம், அதே போலப் புள்ளி புள்ளியாக உங்கள் பெயரும் தேதியும். சுழி மூடாமல் போனாலும் விட்டுவிடுங்கள்.